நெத்தலியும் மகாவலி நீரும்

தெல்தெனியப் பகுதிக் கமக்காரரின் உணவிற் கடல்மீன் பெரும்பாலும் கருவாடாகவே இடம்பெறுகின்றது. அக்கருவாடுகளுட் சிறியது நெத்தலி. சிங்களத்தில் இதனை ஹால்மஸ்ஸோ என்பர். இறக்குமதியாகும் நெத்தலியும் விற்பனைக்கு வருவதுண்டு. எனினும் இம்மீன் இலங்கையின் கரையோரக் கடலுக்கும் உரியதே.

நெத்தலியிற் பல இனங்கள் உள. அவற்றுட் பெரும்பாலானவை 10 சதமமீற்றருக்கு மேல் வளர்வது அரிது. விலாவில் வெள்ளிக்கோடு ஒன்று வால்வரை ஓடும். உலர்ந்த பின்னரும் அதனைக் காணலாம். வாய் மூக்கின் கீழமைந்து, கண்ணுக்குப் பின்னும் பிளந்திருக்கும். பூக்களிலுள்ள சீப்புப் போன்ற உறுப்பு, நீரை வெளியேவிட்டு இரையை உள்ளே நிறுத்துகின்றது.

ஆழங்குறைந்த குடாக்களிலும் ஆற்றுமுகங்களை அடுத்த கலங்கல் நீரிலும் நெத்தலி கூட்டங்கூட்டமாக வாழும். பாரையும் சூரையும் அதனைத் துரத்தியுண்ணும். அதன் முட்டைகள் நீள்வட்டமானவை. நீரில் மிதந்து ஏறத்தாழ ஒரு நாளிற் பொரிக்கும். ஆயுள் ஓரிரு ஆண்டுகளே. ஆகையால், நெற்செய்கையில் ஒரு போகம் பிழைத்தாற்போல, இரை குறைந்த ஆண்டின் இழப்பு உடனே வலையிற் தெரியும். ஈடுசெய்ய முதிர்ந்த மீன்கள் மிகுதியாக இரா.

அவ்விரை பிளாந்தன் எனப்படும் மிதக்கும் நுண்ணுயிர்களாகும். இக்கடற்பயிருக்கும் நைதரசனும் பொசுபரசும் வேண்டும். கரையோரத்தில் அவற்றுள் ஒரு பகுதியை ஆறுகள் கொண்டுவருகின்றன. 335 கிலோமீற்றர் நீளமான மகாவலி, திருகோணமலையை அடுத்த கொட்டியாரக்குடாவிற் கடலோடு கலக்கின்றது. தெல்தெனியவின் ஹுலு கங்கை நீரும் அவ்வழியே செல்வதாகும்.

ஆயின் மீனுக்கு உணவாகட்டுமென்று சரிவுநிலத்து மண்ணைக் கழுவவிடுதல் பேதைமையாகும். பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்த விக்டோரியா நீர்த்தேக்கம் 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மேட்டுநில மண்ணிற் பெரும்பகுதி அதன் அடியிலேயே படிகின்றது. தோட்டத்துக்கும் இல்லை, கடலுக்கும் இல்லை. மிகுந்த பசளையோ நீர்த்தேக்கத்திற் பாசியை வளர்க்கும். புகையிலையும் மரக்கறியும் பயிரிடும் சரிவுகளிற் சமவுயரக் கோட்டில் கல்வரம்பு கட்டினால் மேல்மண் நிலத்திலேயே நிற்கும்.

கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும் ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரையான காலத்தில் அங்கு கரைவலை இழுப்பர். பிடித்த நெத்தலியை வெயிலில் உலர்த்துவர். முள்ளோடு உண்ணப்படுவதாற் சிறுவருக்குக் கல்சியம் கிடைக்கின்றது. உப்பிட்ட நெத்தலியைச் சமைக்குமுன் நன்கு கழுவுக. அந்நீரை நாற்றுமேடையில் ஊற்றலாகாது. உப்பு இளநாற்றைக் கருக்கிவிடும்.