பத்து ரூபாய் காசில் எடைபோட்ட பேனாக்கத்தி

பாட்டியின் சுருக்குப்பைக்குள் ஒரு பாக்குவெட்டி இருந்தது. வெற்றிலை, சுண்ணாம்பு டப்பி, சில்லறை ஆகியவற்றோடு அதுவும் கல்யாண வீடு, கோயில், சந்தை என்று எல்லா இடத்துக்கும் போய்வந்தது. அதைச் சுமக்கிறோம் என்ற நினைப்பே பாட்டிக்கு இருந்ததில்லை. தினமும் உடன் வைத்துக்கொள்ள ஏற்ற கத்தி எது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அந்தச் சுருக்குப்பைதான் நினைவுக்கு வரும். இருப்பது தெரியக் கூடாது. தேவைப்பட்டதும் கைக்கு வர வேண்டும்.

பேனாக்கத்தி வாங்கப் போகிறவர்கள் விலையைப் பார்க்கிறார்கள், அதில் எத்தனை கருவி மடிந்திருக்கிறது என்று எண்ணுகிறார்கள். எடையைக் கேட்பவர்கள் குறைவு. வாங்கிய இரண்டாம் வாரத்திலேயே பெரும்பாலான கத்திகள் மேசை இழுப்பறைக்குள் போய்விடுவதற்கு எடைதான் காரணம் என்பது என் கணிப்பு. சட்டைப்பையில் கைப்பேசி ஏற்கெனவே 200 கிராம் அளவுக்குத் தொங்குகிறது. இன்னொரு 200 கிராமுக்கு அங்கே இடமில்லை.

கிராம் என்று சொன்னால் கைக்குப் புரியாது. ஆகவே பத்து ரூபாய் நாணயத்தை எடைக்கல்லாக வைத்துக்கொள்வோம். ஒரு காசு 7.71 கிராம். தமிழ்நாட்டில் பல கடைகள் இதை வாங்க மறுத்த காலம் உண்டு. செல்லும் என்று ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்ப அறிவிக்க வேண்டியிருந்தது. அப்படித் தேங்கிய காசுகள் இன்னும் பல வீடுகளில் டப்பாவில் கிடக்கும். அவற்றை எடுத்து உள்ளங்கையில் அடுக்கிக்கொண்டே கீழே உள்ள கணக்கைப் படியுங்கள். விக்டோரினாக்ஸ் சுவிஸ் நிறுவனம், ஓபினெல் பிரெஞ்சு நிறுவனம், பக் அமெரிக்க நிறுவனம்.

விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்டி: மூடிய நீளம் 58 மி.மீ., எடை 22 கிராம், 3 காசு.
ஓபினெல் 6ஆம் எண்: அலகு 7 செ.மீ., எடை சுமார் 30 கிராம், 4 காசு.
ஓபினெல் 8ஆம் எண்: அலகு 8.5 செ.மீ., எடை சுமார் 45 கிராம், 6 காசு.
விக்டோரினாக்ஸ் கேடட்: மூடிய நீளம் 84 மி.மீ., எடை 46 கிராம், 6 காசு.
விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன்: மூடிய நீளம் 91 மி.மீ., எடை 59 கிராம், 8 காசுக்குச் சற்றுக் குறைவு.
விக்டோரினாக்ஸ் சுவிஸ்சாம்ப்: மூடிய நீளம் 91 மி.மீ., எடை 185 கிராம், 24 காசு.
பக் 110: அலகு 9.5 செ.மீ., எடை சுமார் 204 கிராம், 26 காசும் இன்னொன்றில் பாதியும்.

பக் 110 அமெரிக்க வேட்டைக்காரர்களின் கத்தி. இடுப்பு வாரில் தோலுறை மாட்டி அதில் வைத்துக்கொள்ள 1960களில் செய்யப்பட்டது. மான் தோல் உரிக்க அது நல்ல கத்தி. கொய்யா நறுக்க 26 காசு எதற்கு? அலகில் ஒரு செ.மீ. நீளத்துக்கு எத்தனை கிராம் சுமக்கிறோம் என்று வகுத்துப் பார்த்தேன். பக் 110இல் 21 கிராமுக்கு மேல் வருகிறது. ஓபினெல் 8இல் 5.3, ஓபினெல் 6இல் 4.3. அதே ஒரு செ.மீ. வெட்டுக்கு நான்கைந்து மடங்கு சுமை.

அந்த எடை எங்கிருந்து வருகிறது என்பதையும் கணக்கிடலாம். 8.5 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் கொண்ட எஃகுப் பட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம், சாணை பிடித்துச் சீவுவதற்கு முந்தைய நிலையில். எஃகின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 7.8 கிராம். பட்டையின் கனம் 1.7 மி.மீ. என்றால் எடை 22.5 கிராம். கனம் 3.5 மி.மீ. என்றால் 46.4 கிராம். அதாவது முரட்டுத்தனமாகத் தோற்றமளிக்கும் கத்திகளின் வெறும் அலகுப் பட்டை மட்டுமே, பிடியோடு சேர்த்த முழு ஓபினெல் 8ஆம் எண்ணின் எடைக்கு வந்துவிடுகிறது. கனத்த அலகு பழத்தை நறுக்குவதில்லை, ஆப்புப் போல இறங்கிப் பிளக்கிறது. ஆப்பிளை அதால் வெட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த ‘மடக்’ சத்தம் தெரியும். அன்றாடக் கத்திக்கு முதுகின் கனம் 2 மி.மீ.யைச் சுற்றி இருந்தால் போதும்.

கருவிகளின் எண்ணிக்கைக்கு வருகிறேன். கிளாசிக் எஸ்டியில் 7 பயன்கள் என்று எழுதியிருக்கும். ஒரு சிறு அலகு, கத்தரிக்கோல், நக அரம், அதன் நுனியில் திருப்புளி, சாமணம், பல்குத்தி, சாவி வளையம். வளையமும் ஒரு பயனாக எண்ணப்பட்டுள்ளது. ஸ்பார்ட்டனின் 12இல் ஒயின் பாட்டிலின் தக்கையைத் திருகி எடுக்கும் சுருளும் ஒன்று; நம் வீடுகளில் அதற்கு வேலையே வராது. சுவிஸ்சாம்ப் 33 பயன்கள் என்கிறது. வாங்கும் முன் ஒரு வாரம் தாளில் குறித்து வையுங்கள்: எதையெதை வெட்டினோம், எதைத் திருகினோம் என்று. பெரும்பாலோருக்கு அந்தத் தாளில் கூரியர் பொட்டலம், பால் பாக்கெட், சணல் கயிறு, பழம், பிரிந்த நூல் ஆகியவைதான் இருக்கும். இத்தனைக்கும் ஒரு அலகும், வேண்டுமானால் ஒரு கத்தரிக்கோலும் போதும்.

ஓபினெலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மலிவுக்கும் எளிமைக்கும் அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890இல் செய்த விவசாயி கத்தி அது. 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளில் வந்தது. 1955இல் மார்செல் ஓபினெல் ஒரு சுழலும் வளையத்தைச் சேர்த்தார். கத்தியைத் திறந்து வளையத்தைத் திருகினால் அலகு விரல்மேல் மடியாது. மரப்பிடி, அலகு, ஆணி, அசையா வளையம், சுழல் வளையம்: மொத்தம் 5 உறுப்புகள். சுருள்வில் இல்லை, திருகாணி இல்லை. கெட்டுப்போக அதில் அதிகம் எதுவும் இல்லை. பிரான்சில் 8ஆம் எண் கார்பன் கத்தி அண்மை ஆண்டுகளில் சுமார் 15 யூரோவுக்கு விற்கிறது. இங்கே வரும்போது இறக்குமதி வரியும் அனுப்பும் செலவும் ஏறும்.

அதில் இரண்டு எஃகு உண்டு, நம் ஊருக்கு எது என்பதில் தயக்கம் வேண்டாம். கார்பன் எஃகில் கார்பன் சுமார் 0.9 சதவீதம், கூர் சீக்கிரம் ஏறும், வெகுநேரம் நிற்கும். ஆனால் மாங்காயோ எலுமிச்சையோ வெட்டித் துடைக்காமல் மடக்கினால் அலகு கறுத்துவிடும், கடற்கரை ஊர்களின் காற்றில் துருவும் பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகில் கார்பன் 0.5, குரோமியம் 14 சதவீதம் அளவு. நாகையிலோ தூத்துக்குடியிலோ சென்னையிலோ இருப்பவர்கள் இரண்டாவதையே வாங்குங்கள். இன்னொன்று: மரப்பிடி மழைக்காலத்தில் ஊறி உப்பி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் இழுத்துப் போராட வேண்டாம். வளையத்தைத் தளர்த்தி, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் இரண்டு தட்டு தட்டினால் அலகு வெளியே எட்டிப் பார்க்கும். சவோய் மக்கள் அப்படித்தான் திறக்கிறார்கள். பிறகு நிழலில் உலரவிட்டு, இணைப்பில் ஒரு சொட்டுக் கனிம எண்ணெய் விடுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும்.

நீளம் சட்டத்தோடு சம்பந்தப்பட்டது. இந்திய ஆயுத விதிகளில் பொதுவாக எல்லை 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம். வீட்டு, விவசாயக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. பேனாக்கத்தி எதுவும் அந்த அளவை நெருங்காது. டெல்லியில் மட்டும் 1980ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று, விசையாலோ பொறியாலோ திறந்து மூடும் கத்திகளுக்கு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் என்று கோடு போடுகிறது. பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டமும் அதே 7.62 செ.மீ.தான் (3 அங்குலம்) சொல்கிறது; அங்கே திறந்தபின் பூட்டிக்கொள்ளும் அலகு இருந்தால் எவ்வளவு சிறியதானாலும் தக்க காரணமின்றி வைத்திருக்கக் கூடாது. ஓபினெல் 8இன் 8.5 செ.மீ. இந்தக் கோட்டைத் தாண்டுகிறது. 6இன் 7 செ.மீ. தாண்டுவதில்லை, ஆனால் அதிலும் பூட்டு வளையம் இருப்பதால் லண்டனில் இருக்கும் பிள்ளைக்கு அதை வாங்கி அனுப்பாதீர்கள். பூட்டில்லாத கேடட் சரி. விமானத்தில் எந்தக் கத்தியானாலும் கைப்பையில் வேண்டாம், சரக்கில் போடும் பெட்டிக்குள் வையுங்கள். பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றுகொண்டு நினைத்துப் பார்த்தால் பயனில்லை.

செலவுக் கணக்கு எளிது. பேருந்து நிலையக் கடையில் ₹300க்கு ஒரு மடக்குக்கத்தி வாங்கி ஓராண்டில் ஆணி ஆடிப்போனால் நாளுக்கு 82 பைசா. ₹1,500க்கு வாங்கியது பத்தாண்டு உழைத்தால் நாளுக்கு 41 பைசா. தீட்டுகல் ஒன்று ₹300 என்று வைத்தால் அதே பத்தாண்டில் நாளுக்கு இன்னும் 8 பைசா. கல்லைச் சேர்த்தாலும் விலை குறைந்த கத்திதான் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்குகிறது. கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள்: அலகைத் திறந்து நுனியைப் பிடித்து இடவலமாக அசையுங்கள். ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். எந்த எஃகு என்று பெட்டியிலும் இல்லை, விற்பவருக்கும் தெரியாது என்றாலும் அப்படியே.

தீட்டுவதற்கும் அதே பத்து ரூபாய் காசு உதவும். விக்டோரினாக்ஸ் சொல்லும் கோணம் ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. காசின் கனம் 1.77 மி.மீ. அலகின் அகலம் 2 செ.மீ. இருந்தால், முதுகுக்கு அடியில் மூன்று காசு அடுக்கினால் ஏறத்தாழ 15 டிகிரி, நான்கு அடுக்கினால் 20. அகலம் 1.5 செ.மீ. என்றால் மூன்று காசே 20 டிகிரி தரும். அந்தச் சாய்வைக் கண்ணால் பார்த்துக் கை பழகிய பிறகு காசை எடுத்துவிட்டுத் தீட்டலாம். சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் அரிவாளையும் அரிவாள்மனையையும் கொடுங்கள். இந்த மெல்லிய அலகைக் கொடுக்காதீர்கள். சக்கரத்தின் ஒரே ஓட்டத்தில் பல ஆண்டுக்கான எஃகு தேய்ந்துபோகும், சூட்டில் கடினமும் இறங்கிவிடும்.

என் தீர்ப்பு இது. பழமும் கயிறும் பொட்டலமும் வெட்டுகிறவருக்கு, இந்தியாவுக்குள்ளேயே வைத்துக்கொள்ள, துருப்பிடிக்காத எஃகில் ஓபினெல் 6ஆம் எண்: நான்கு காசு எடை. நூலும் நகமும் மருந்து அட்டையும் வெட்டுகிறவருக்குக் கத்தரிக்கோல் உள்ள கிளாசிக்: மூன்று காசு. எட்டுக் காசுக்கு மேல் எடையுள்ள எதையும் தினமும் சுமக்க வேண்டாம்.

நம் வீடுகளில் கத்தியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நேராகக் கொடுக்க மாட்டார்கள். கீழே வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்வார். கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். அந்த வழக்கத்தைக் கைவிடாதீர்கள். அலகை மடக்கி, வளையம் இருந்தால் திருகி, கீழே வையுங்கள்.