எந்தத் தராசில் நிறுத்தது?



பாட்டுக் கேட்பதற்கு ஆம்பிளிஃபயர் வாங்கச் செல்வோர், அதனோடு வரும் தாளில் ‘திரிபு 0.001 விழுக்காடு’ என்பது போன்ற ஓர் எண்ணைக் காண்பதுண்டு. இன்னொன்றில் 0.0001 என்றிருக்கும். சுழியம் ஒன்று கூடியதைக் காட்டி விலையையும் கூட்டிச் சொல்வார்கள். உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுக்குமுன், அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

திரிபு என்றால் என்ன? வினாடிக்கு 1,000 முறை அதிரும் ஒரே சுருதியை ஒரு கருவிக்குள் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். வெளியே வரும்போது அதனுடன் 2,000 முறை, 3,000 முறை அதிரும் சிற்றொலிகளும் கலந்து வருகின்றன. நாம் கொடுக்காமல் கருவி தானாகச் சேர்த்த இந்தக் கலப்பே திரிபு. வடிகட்டும் சுற்று ஒன்றினால் முதற்சுருதியை நீக்கிவிட்டு, எஞ்சியதை அளக்கிறார்கள்.

பால் வாளியைத் தராசில் ஏற்றினால், வாளியின் எடையைக் கழித்த பிறகே பாலின் எடை தெரியும். தராசே ஐம்பது கிராம் பிசகுமானால், பத்துக் கிராம் வேறுபாட்டை அதில் காண முடியாது. திரிபை அளப்பதிலும் இதே தொல்லைதான்.

முதலாவதாக, நாம் செலுத்தும் சுருதியே தூய்மையாக இருக்க வேண்டும். 1939-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற வில்லியம் ஹியூலெட், சுருதி எழுப்பும் கருவியில் ஒரு சிறு மின்விளக்கைச் சேர்த்தார். மின்னலையின் வலு கூடினால் விளக்கின் இழை சூடேறும். சூடேறினால் மின்தடை கூடும். அது வலுவை அடக்கி நிலைநிறுத்தும். இவ்வகைக் கருவிகள் எட்டினை வால்ட் டிஸ்னி நிறுவனம் ‘ஃபேன்டேசியா’ படத்தின் ஒலி வேலைக்காக வாங்கியது. ஆயினும் முழுத் தூய்மையான சுருதியை எந்தக் கருவியும் தருவதில்லை.

இரண்டாவது தொல்லை இரைச்சல். ஒரு வோல்ட் மின்னலையில் 0.0001 விழுக்காடு என்பது ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. 1,000 ஓம் மின்தடை ஒன்று சும்மா கிடந்தாலே, காதுக்கு எட்டும் அதிர்வுகளின் எல்லைக்குள் இதில் பாதிக்கும் மேற்பட்ட இரைச்சலை எழுப்புகிறது. வெப்பத்தால் அதனுள்ளே மின்னணுக்கள் ஓயாமல் துள்ளுவதே காரணம். ஜான்சன், நைக்விஸ்ட் என்னும் அறிஞர்கள் 1928-இல் இதனை விளக்கினார்கள்.

இதற்கு வழி உண்டா? உண்டு. பலமுறை அளந்து சராசரி காண்கிறார்கள். இரைச்சல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வரும். திரிபோ மாறாமல் வரும். ஆகவே இரைச்சல் அடங்கி, திரிபு தலைகாட்டும். ஆனால், அளக்கும் நேரம் நீள நீளக் கருவியின் சூடு மாறும். அளவும் சற்றே நகரும். எனவே இம்முறைக்கும் எல்லை உண்டு.

மூன்றாவதுதான் மிகவும் ஏமாற்றுவது. சோதிக்கப்படும் கருவியின் திரிபும், அளக்கும் கருவியின் திரிபும் நேரெதிராக அமைந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். பிழை கூடுவதற்குப் பதிலாக, எண் உண்மையைவிடச் சிறியதாகத் தோன்றும். வாளி கனமாக இருக்க, தராசு எடையைக் குறைத்துக் காட்டினால், இரண்டு தவறும் சேர்ந்து சரிபோல் தெரிவதில்லையா? அதுபோலத்தான். ஆகவே கவனமுள்ளவர்கள் வேறொரு கருவியைக் கொண்டும் அளந்து பார்ப்பார்கள்.

அப்படியானால் சுழியங்கள் பொய்யா? அல்ல. நல்ல கருவியால், முறையாக அளந்தால் அவை உண்மையே. ஆனால் எந்தச் சுருதியில், எவ்வளவு உரத்த ஒலியில், எதைக்கொண்டு அளந்தார்கள் என்று சொல்லாத எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மேலும், ஸ்பீக்கர்கள் தாழ்ந்த சுருதியை உரக்க ஒலிக்கும்போது அவற்றின் திரிபு 1 விழுக்காட்டையும் தாண்டுவதுண்டு. அதன் முன்னே ஆம்பிளிஃபயரின் நான்காவது சுழியம் காதுக்கு எட்டாது. அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடுவதே மேல்.

எண் சிறியதாயினும் பெரியதாயினும், ‘எந்தத் தராசில் நிறுத்தது?’ என்று கேட்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம். கடையிலும் சரி, பால் நிறுக்கும் இடத்திலும் சரி, அக்கேள்வி நமக்குத் துணை நிற்கும்.