பவளத்தின் நிறமும் விளக்கின் ஒளியும்

பவளம் என்றவுடன் நம் நினைவிற்கு வருவது கழுத்தணியில் கோத்த செம்மணியே. அம்மணியின் செம்மை, மத்தியதரைக் கடலின் இருண்ட பாறைகளில் வளரும் ஒருவகைப் பவளத்தின் எலும்பிலேயே ஊறியது. ஆதலால் உயிர் மாண்ட பின்னும் அது மாறுவதில்லை. வெப்பக் கடல்களில் பவளப் பாறைகளை எழுப்பும் பவளங்களின் கதை வேறு. அவற்றுள் பெரும்பாலானவற்றின் எலும்பு வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு. நாம் கண்டு வியக்கும் பச்சையும் நீலமும் ஊதாவும் அதன்மேல் போர்த்திய மெல்லிய சதையில் இருக்கின்றன. உயிர் போனால் நிறமும் போயிற்று.

ஈராண்டுகட்கு முன், பெர்லின் நகரில் வாழும் உறவினர் இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தபோது இதனை நேரில் கண்டோம். அவர்தம் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக 60 லிட்டர் கொள்ளும் உப்புநீர்த் தொட்டி ஒன்று அமைத்துக் கொடுத்திருந்தார். பிற ஆர்வலர்களின் தொட்டிகளில் வளர்ந்த பவளங்களினின்று ஒடித்தெடுத்த ஏழெட்டுச் சிறு துண்டுகள் அதில் வளர்ந்து வந்தன. பழைய குழல் விளக்கு பழுதுபடவே, விலையுயர்ந்த எல்.இ.டி. விளக்கொன்றை வாங்கிப் பொருத்தினார். அதன் நீல ஒளி அவர் கண்ணுக்கு மங்கலாகத் தோன்றியது. "இத்தனை விலை கொடுத்தும் வெளிச்சம் போதவில்லையே!" என்று முழு அளவிற்கு ஏற்றிவிட்டார். பத்தே நாளில் மூன்று பவளங்கள் வெளுத்தன. சிறுமி அழுதாள், தந்தையோ விளக்கு விற்ற கடைக்காரரைக் கடிந்துகொண்டார். பிழை கடைக்காரருடையதன்று.

நடந்தது யாதெனில், பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஏறத்தாழ பத்து இலட்சம் இருக்கும். ஒளியைக் கொண்டு அவை சமைக்கும் உணவின் பெரும்பகுதியைப் பவளமே உண்கிறது. ஒளி அளவு கடந்தால் இப்பாசிகளிலிருந்து நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் கூறுகள் பெருகுகின்றன. பவளம் அவற்றை வெளியேற்றிவிடுகிறது. எஞ்சுவது கண்ணாடி போன்ற சதையும், அதனூடே தெரியும் வெள்ளெலும்பும். மனிதக் கண் பச்சை ஒளியை நன்கு உணரும். ஆழ்ந்த நீலத்தை மிகக் குறைவாகவே உணரும். பாசிகளுக்கோ நீலம்தான் நல்ல உணவு. கடல்நீர் சிவப்பொளியை முதலில் விழுங்கிவிட, ஆழத்திற்குச் செல்வது நீலமே அன்றோ! தந்தையின் கண்ணுக்கு மங்கலாயிருந்தது பவளத்திற்கு நண்பகல் வெயிலாயிற்று.

ஒளி குறைந்தாலும் கேடுதான். அப்போது பாசிகள் தம் நிறமிகளைப் பெருக்கிக்கொள்வதால் பவளம் முழுதும் மங்கிய பழுப்பாகிவிடும். பச்சையும் சிவப்பும் பாசியின் நிறமல்ல. பவளம் தானே உண்டாக்கும் ஒளிரும் புரதங்களின் நிறம். நீல ஒளியை வாங்கி வேறு நிறமாக உமிழும் இப்புரதங்கள், மிகை ஒளியிலிருந்து பவளத்தைக் காக்கும் குடையாகவும் பயன்படுகின்றன. மாஸ்கோ நகரத்து அறிஞர்கள் மீன்தொட்டிப் பவள இனங்களிலிருந்து இத்தகைய புரதங்களைப் பிரித்தெடுத்து 1999-இல் உலகிற்கு அறிவித்தனர். இன்று உயிரியல் ஆய்வுக்கூடங்களில் அவை இன்றியமையாதன.

விளக்குகளைப் பொறுத்தவரை, 1980-களில் பெர்லின் ஆர்வலர்கள் மெட்டல் ஹாலைடு விளக்குகளைக் கொண்டே கல்பவளங்களை வளர்த்துப் புகழ்பெற்றனர். ஒளி சிறந்தது, ஆனால் வெப்பம் மிகுதி. சிறு தொட்டியின் நீர் விரைவில் சூடேறும் என்பதால் அது நம் உறவினர் போன்றோர்க்கு ஏற்றதன்று. குழல் விளக்கின் ஒளி சீராகப் பரவும். ஏறத்தாழ ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். எல்.இ.டி.யே இன்று பெரும்பாலோர் தேர்வு. அதனை வாட் கணக்கைக் கொண்டோ, கண்ணால் பார்த்தோ மதிப்பிடலாகாது. பாசிகளுக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவி உண்டு. சில கடைகளில் வாடகைக்கும் தருவர். காளான் பவளத்திற்கும் மென்பவளங்களுக்கும் 50 முதல் 150 வரை போதும்; கிளைவிடும் அக்ரோப்போராவுக்கு 200 முதல் 350 வரை வேண்டும். ஆதலின் முன்னவை அடித்தளத்திலும், பின்னவை மேற்பாறையிலும் அமைவது முறை. நீல விளக்கை மட்டும் எரித்து இரவில் விருந்தினர்க்குக் காட்டுவோர் பலர். அவ்வொளியில் நலிந்த பவளமும் மின்னும். பவளத்தின் நலத்தை அறிய வெண்ணொளியில் பார்ப்பதே நேர்மை.

புது விளக்கை முப்பது விழுக்காட்டில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாக ஏற்றுவதே முறை. நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் எரிந்தால் போதும்.

இதைப் படிக்கும் சிறுவர்கள் நம் கடற்கரைக்கு ஓடிப் பவளம் ஒடித்துவரக் கூடாது! இந்தியாவில் கல்பவளங்கள் யாவும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளங்களுக்கும் இக்காப்பு உண்டு.

சென்ற மாதம் அச்சிறுமி எழுதிய கடிதம் வந்தது. வெளுத்தவற்றுள் காளான் பவளம் நான்கு மாதத்தில் மீண்டும் பச்சையாயிற்றாம். அக்ரோப்போரா பிழைக்கவில்லை. அதன் வெள்ளெலும்பைத் தன் படிப்பு மேசைமீது வைத்திருக்கிறாள். விளக்கின் திருகைத் தந்தை தொட இப்போது அனுமதி இல்லையாம்.