கறுப்பா இருந்தாலும் களைதான்!

பெண் பார்க்க வந்த வீட்டுப் பெரியவர் ஒருவர், "கறுப்பா இருந்தாலும் பொண்ணு நல்லா களையா இருக்கா" என்கிறார். அவர் மனசாரத்தான் பாராட்டுகிறார். கூடத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்தப் பெண்ணுக்கு மட்டும் சுருக்கென்கிறது. "கால் இப்படி இருந்தும் எவ்வளவு சுறுசுறுப்பு", "பொம்பளையா இருந்தும் கணக்குல புலி", "உன்னைப் பார்த்தா அந்த ஆளுங்க மாதிரியே தெரியலையே" என்பவையும் இந்த வகைதான். இவற்றில் கடைசியாகச் சொன்னதே கொடியது. ஒரு சாதியையே மட்டம் என்று முடிவுகட்டிவிட்டு, எதிரில் நிற்பவருக்கு மட்டும் விலக்குத் தருகிற பேச்சு அது.

இப்படிப் பேசுகிறவர்கள் எல்லோரும் வன்மத்தோடு பேசுவதில்லை. ஆனால் வன்மம் இல்லாத இடத்திலும் தப்பெண்ணம் இருக்கும். கறுப்பு அழகில்லை என்று முன்பே நம்பியவருக்குத்தான் களையான கறுப்பு முகம் வியப்பாகத் தெரியும்.

பதவி உயர்ந்தால் இந்தப் பேச்சு ஓய்ந்துவிடும் என்பதும் இல்லை. கேரளத் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரனுக்கு முன்பு அதே பதவியில் இருந்தவர் அவருடைய கணவர். இருவரின் பணிக்காலத்தையும் அவரவர் நிறத்தை வைத்து ஒருவர் ஒப்பிட்டதை, 2025 மார்ச்சில் சாரதா ஃபேஸ்புக்கில் எழுதினார். நாலு வயதில், தன்னை மறுபடி வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றுத் தர முடியுமா என்று அம்மாவிடம் கேட்டதையும் அதில் சொல்லியிருந்தார்.

அந்த ஏக்கத்தை நம்பித்தான் வெளுக்க வைக்கும் கிரீம்கள் விற்கின்றன. 2023-ல் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயோடு வந்த சிலரை மருத்துவர்கள் துருவி விசாரித்தபோது, அவர்கள் அப்படிப்பட்ட கிரீம் பூசியது தெரியவந்தது. கிரீமில் பாதரசம் இருந்தது. தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் இல்லாத கிரீமைத் தொடாதீர்கள். பூசியவர்களுக்குச் சிறுநீர் நுரைத்தாலோ கால் வீங்கினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு களிம்பு வேறு விதமான ஆபத்து. அது தோலை மெலிய வைக்கும், திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அதனால் தோல் மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும்.

சட்டம் எங்கே துணை நிற்கும்? நிறத்தைச் சொல்லிக் காட்டுவதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் குடும்பத்துக்குள் ஒரு பெண்ணை ஓயாமல் இழித்துப் பேசுவது, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி வன்முறைதான். 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். பட்டியல் சாதி, பழங்குடியினரை அந்தப் பிரிவைச் சேராத ஒருவர், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பிறர் பார்வைபடும் இடத்தில் அவமதித்தால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். அதற்கான உதவி எண் 14566. நாலு சுவருக்குள், சாட்சி இல்லாமல் சொன்னது இந்தச் சட்டத்தில் வராது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளைப் பிறர் பார்வைபடும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதித்தால், அவர்களுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை தருகிறது.

அலுவலகத்தில் உடம்பைப் பற்றிய பாலியல் சாயல் கொண்ட "பாராட்டு" வந்தால், பெண்கள் மூன்று மாதத்துக்குள் உள்ளகக் குழுவிடம் எழுத்தில் புகார் தரலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தக் குழு இருந்தே ஆக வேண்டும்.

மேலே சொன்ன சட்டங்களில் இரண்டு, நோக்கத்தை நிரூபிக்கச் சொல்கின்றன. பாராட்டுப் போல வருகிற அவமதிப்பு அங்கேதான் தப்பித்துக்கொள்கிறது. ஆகவே ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால் தேதி, இடம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் என்று எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். முதல் தடவை என்றால், "கறுப்பா இருந்தாலும்னா என்ன அர்த்தம் மாமா?" என்று நிதானமாகக் கேட்டாலே பலர் தடுமாறிப்போவார்கள். கேட்கத் தயங்குகிற பெண்ணுக்காகக் கூடத்தில் இருக்கிற அப்பாவோ அண்ணனோ கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.