யமுனையும் வறண்ட நிலமும்

1952. ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்ட ஒரு நடன நிகழ்ச்சி. நடனக் கலைஞர் சந்திரலேகாவின் அரங்கேற்றம் அது. பாடல் 'மதுரா நகரிலோ'. யமுனையில் இறங்கிப் பெண்கள் நீரை வாரியிறைத்து விளையாடுவதாக அபிநயம். கை தண்ணீரை அள்ளுகிறது. மனதிலோ வெடித்துக் கிடக்கும் நிலம், காலிக் குடத்தோடு வரிசையில் நிற்கும் சனம். யாருடைய தாகத்துக்காக ஆடுகிறோம், அவர்கள் இந்த ஆட்டத்தில் எங்கே என்ற கேள்வி மேடையிலேயே அவரைத் தைத்தது. அதன்பின் 54 ஆண்டுகள் வாழ்ந்தார். கேள்வி அவரை விடவில்லை.

மகாராஷ்டிரத்தின் வாடாவில் 1928-இல் குஜராத்திக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பரதம் கற்கச் சென்னை வந்து காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் சேர்ந்தார். பிறகு ஊரே சென்னை என்றாகிவிட்டது.

பேர் கிடைத்த காலத்திலேயே மேடையை விட்டு விலகினார். 1960-களின் தொடக்கத்தில் 'தேவதாசி', 1970-களின் தொடக்கத்தில் 'நவக்கிரகா', இவை தவிர நீண்ட இடைவெளி. அந்த வருடங்களைச் சிலர் வீணான காலம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கவிதை எழுதினார், சுவரொட்டி வடிவமைத்தார், வடிவமைப்பாளர் தசரத் படேலோடு சேர்ந்து கண்காட்சிகள் அமைத்தார். பெண்கள் இயக்கங்களுக்கும் உரிமைப் போராட்டங்களுக்கும் அவர் கை உழைத்தது. 1982-இல் அவர்மீதும் நண்பர் சதானந்த் மேனன்மீதும் தேசத்துரோக வழக்கு பாய்ந்தது, பின்னர் கைவிடப்பட்டது. சுவரொட்டி வேலையில் ஒரு கோடுகூட வீணாக இருக்கக் கூடாது. பின்னாளில் அவர் ஆட்டத்தில் ஓர் அசைவுகூட அலங்காரத்துக்காக இல்லாமல் போனதற்கு இந்தப் பழக்கமும் காரணம் என்று நம்புகிறேன்.

1985-இல் 'அங்கிகா'. பரதம், களரிப்பயட்டு, யோகம் மூன்றும் ஒரே உடம்பின் மொழி என்று காட்டிய படைப்பு. கோயில் நகை இல்லை, தலைவனுக்காகக் காத்து ஏங்கும் நாயகி இல்லை. அதில் ஒரு காட்சி: ஆண் குனிந்து வாகனமாகிறான், பெண் அவன்மேல் ஏறி வருகிறாள். தேவியருக்குச் சிங்கமும் புலியும் வாகனமாக இருப்பதைக் கும்பிட்டுப் பழகிய கண்ணுக்கு இது அதிர்ச்சி. பரதத்தைக் கெடுத்துவிட்டார் என்றார்கள். ஆனால் அவர் ஆட்டக்காரர்களின் அரைமண்டியைப் பாருங்கள். முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிய, முதுகு ஆணி அடித்தாற்போல் நிமிர்ந்து, தொடை நடுங்கும்வரை அப்படியே நிற்கும். அந்த இலக்கணத்தை அவர் அளவுக்குக் கறாராகக் கேட்டவர்கள் குறைவு. 'ஸ்ரீ'யில் முதுகெலும்பு வளைந்து தவழும் பெண்களைக் காட்டி, நிமிர்வது என்றால் என்ன என்று கேட்டார். 'லீலாவதி'யில் பாஸ்கராச்சாரியரின் கணக்குகளையே ஆட வைத்தார்.

பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய அவர் வீட்டிலேயே திறந்தவெளி அரங்கு. 'ஸ்பேசஸ்' என்று பெயர். வெள்ளை முடியை விரித்துவிட்டு, நெற்றியில் பெரிய பொட்டும் கண்ணில் மையுமாக அங்கே அவரைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கடைசிப் படைப்பு 2001-இல் வந்த 'சரீரா'. ஒரு பெண், ஓர் ஆண், துருபத் இசை, அவ்வளவுதான். முறையான நடனப் பயிற்சியில் வளராத கவிஞர் திஷானி தோஷியும் களரி வீரர் ஷாஜி ஜானும் அதைப் பல ஆண்டுகள் ஆடினார்கள். தரையில் கிடக்கும் பெண்ணின் கால்கள் எழுகின்றன. அவசரமே இல்லை. மெல்ல விரிந்து ஒரு முக்கோணமாகின்றன. பார்ப்பவரின் மூச்சும் தன்னால் மெதுவாகிவிடுகிறது.

2006 டிசம்பர் 30 அன்று சந்திரலேகா காலமானார். சென்னையில் மார்கழி சீசன் நடந்துகொண்டிருந்தது. சபா மேடைகளில் சலங்கை ஒலித்துக்கொண்டிருந்தது.