சேற்றில் சுழலும் சக்கரம்: டிபரென்ஷியல் பூட்டும் மின்னணுத் துணைக்கருவியும்

மழைக்காலத்தில் நஞ்சை வயல்களிலும் களிமண் வண்டிப்பாதைகளிலும் டிராக்டரோ ஜீப்போ செல்லுங்கால், பின்சக்கரங்களுள் ஒன்று சேற்றில் வீணே சுழல, மற்றொன்று அசையாது நிற்பதை விவசாயிகள் பலரும் கண்டிருப்பர். எஞ்சினின் வலிமை போதவில்லையென்று கருதி, ஓட்டுகிறவர் மேலும் வேகங்கொடுப்பது வழக்கம். அதனால் குழி ஆழமாவதன்றி வேறு பயன் விளைவதில்லை. இதன் காரணத்தையும், இதற்கென ஏற்பட்டுள்ள இருவகைப் பரிகாரங்களையும் அறிந்துகொள்வது, வண்டி வாங்குவோர்க்கும் ஓட்டுவோர்க்கும் மிக்க அனுகூலமாகும்.

காரணம்

வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும். அவ்விரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தருவதே, அச்சின் நடுவிலுள்ள டிபரென்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதியின் வேலை. அது முறுக்குவிசையை இரு பக்கத்திற்கும் சமமாகவே பங்கிடுவது. ஆதலால், பிடிப்பிழந்த சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே நல்ல தரையிலுள்ள சக்கரத்திற்கும் கிடைக்கும். உதாரணமாக, சேற்றிலுள்ள சக்கரம் 100 பங்கு விசையே தாங்குமாயின், 600 பங்கு தாங்கக்கூடிய மற்றச் சக்கரமும் 100 பங்கே பெறும். ஆக மொத்தம் 200 பங்கே வண்டியை இழுக்கும்.

டிபரென்ஷியல் பூட்டு

டிராக்டர்களில் ஓட்டுகிறவரின் காலருகே அமைந்த மிதியையோ கைப்பிடியையோ இயக்கினால், இரு சக்கரங்களும் ஒரே தண்டிற் கோத்தாற்போல ஒன்றாகச் சுழலும். மேற்கூறிய உதாரணத்தில் 100 பங்கும் 600 பங்கும் சேர்ந்து 700 பங்கு விசை கிடைக்கும். இதில் விரயம் மிகச் சொற்பம். சக்கரம் சுழலத் தொடங்கும் முன்னரே இதனைப் பூட்டிக்கொள்ளலாம் என்பது பெரியதோர் அனுகூலம்.

எனினும், பூட்டிய நிலையில் வண்டி நேராகவே செல்ல முற்படும். கெட்டியான சாலையில் திருப்பினால் பல்சக்கரங்களும் அச்சுத்தண்டும் பழுதுபடும். ஒரு சக்கரம் வேகமாய்ச் சுழன்றுகொண்டிருக்கையில் திடீரெனப் பூட்டினும் இத்தீங்கே நேரும்.

மின்னணுத் துணைக்கருவி

இக்காலத்து ஜீப் வகை வண்டிகள் பலவற்றில் இக்கருவி அமைந்துள்ளது. பிரேக்கிடும்போது சக்கரம் இறுகி வழுக்காமற் காக்கும் மின்னணு பிரேக் அமைப்பு 1978ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கார்களில் விற்பனைக்கு வந்தது. சக்கர வேகத்தை அளக்கும் அதன் உணர்கருவிகளைக்கொண்டே இத்துணைக்கருவியும் இயங்குகிறது. ஒரு சக்கரம் வீணே சுழல்வதை அறிந்தவுடன் அதற்கு மாத்திரம் பிரேக்கிடும். டிராக்டரின் இரு பிரேக் மிதிகளுள், சுழலும் பக்கத்து மிதியை மட்டும் மெல்ல அழுத்தும் பழைய முறையும் இதே தத்துவத்தைத் தழுவியதாம்.

மேற்படி உதாரணத்தில் சுழலும் சக்கரத்திற்கு 500 பங்கு பிரேக்கிட்டால், இரு பக்கமும் 600 பங்காகும். எஞ்சின் 1200 பங்கு தர, 700 பங்கே இழுவைக்குப் பயன்படும்; எஞ்சிய 500 பங்கு பிரேக்கில் உஷ்ணமாய்ப் போகும். நெடுநேரம் இவ்வாறு இயங்கினால் பிரேக் மிகவும் சூடேறும். மேலும், சக்கரம் சிறிதேனும் சுழன்ற பின்னரே கருவி விழித்துக்கொள்ளும். ஆழ்ந்த சேற்றில் அச்சிறு சுழற்சியே குழி பறிக்கப் போதுமானது. ஆயினும் ஓட்டுகிறவர் யாதொன்றும் செய்ய வேண்டுவதில்லை. வண்டியைத் திருப்புவதற்கும் தடையில்லை.

எது எதற்கு ஏற்றது?

மணிக்கணக்காய் ஒரே சீராக இழுக்க வேண்டிய உழவு வேலைக்குப் பூட்டே சிறந்தது. பெரும்பாலும் சாலையிற் சென்று, எப்போதாவது ஈரப் பாதையில் இறங்கும் ஜீப்புக்கு மின்னணுக் கருவி போதுமானது. ஆண்டுதோறும் சேற்றுப் பாதையிலேயே பாரமேற்றிச் செல்வோர் பூட்டும் உள்ள வண்டியைத் தெரிந்தெடுப்பது நலம். இரு சக்கரங்களுமே பிடிப்பிழந்தால் எதுவும் உதவாது; அப்போது நஞ்சைக்குரிய இரும்புக் கூண்டுச் சக்கரமே வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. நேராகச் செல்லுமிடத்தில், சக்கரங்கள் மெதுவாகவோ நின்றோ இருக்கும்போது பூட்டுக. வரப்பருகே திரும்புமுன் விடுவிக்க.

2. சாலைக்கு ஏறுமுன், பூட்டு விடுபட்டதையும், இரு பிரேக் மிதிகளும் கொக்கியால் இணைக்கப்பட்டதையும் பார்த்துக்கொள்க. ஒரு பக்க பிரேக் மாத்திரம் பிடித்தால் வண்டி வேகத்தில் கவிழக்கூடும்.

3. புதைந்த டிராக்டரின் பின்சக்கரங்களில் மரக்கட்டையைக் கட்டி முன்னோக்கி ஓட்டுவது உயிருக்கே அபாயம். சக்கரம் சுழல வழியின்றி நின்றால், எஞ்சினின் விசை டிராக்டரின் முன்பாகத்தைத் தூக்கி, இமைப்பொழுதில் ஓட்டுகிறவர்மேல் மல்லாத்திவிடும். பின்னோக்கி எடுக்க முயல்க. இயலாதாயின் வேறொரு டிராக்டரைக்கொண்டு இழுப்பிக்க.

4. இழுக்கும் டிராக்டரில் சங்கிலியைப் பின்னச்சுக்குக் கீழேயுள்ள இழுவைக் கம்பியிலேயே மாட்டுக. அச்சிலோ அதற்கு மேலோ மாட்டலாகாது.

மூன்றாவது விஷயத்தைக் கிராம அதிகாரிகள் நடவுப் பருவம் தொடங்குமுன் டிராக்டர் வைத்திருப்போர்க்கும் கூலிக்கு ஓட்டுவோர்க்கும் எடுத்துரைப்பார்களாயின், உயிர்ச்சேதம் பெரிதும் தவிர்க்கப்படும்.