கடல் கடந்த கலியாணமும் காகிதமும்

புளியங்குடி மண்டியிலிருந்து ஒரு மூட்டை எலுமிச்சம்பழம் வெளியூருக்குப் போவதென்றால் கூடவே ஒரு சீட்டும் போகும். அனுப்பியவர் யார், எடை என்ன, விலை என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் பெண்ணும் பிள்ளையும் அந்நிய தேசத்தில் இல்லறம் நடத்தப் புறப்படும்போது அவர்களுடைய சீட்டைப் பற்றி நம் வீடுகளில் யாரும் நினைப்பதில்லை. பந்தற்காலுக்கு நாள் பார்க்கிறோம். மேளத்துக்கு முன்பணம் கொடுக்கிறோம். சமையற்காரரோடு பத்து நாள் வழக்காடுகிறோம். விவாகத்தைப் பதிவு செய்வது மட்டும் "அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்" என்ற மூலையில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

நம்மிடம் படித்த பிள்ளை ஒருவன் பிரான்ஸில் வேலையாயிருக்கிறான். அந்நாட்டுப் பெண் ஒருத்தியையே மணப்பதென்று நிச்சயித்தான். அவனுடைய தகப்பனார் ஒரு மாலை கையில் ஒரு தாளுடன் நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார்.

"ஜாதகம் கேட்பார்கள் என்று நினைத்தேன், சார். இவர்கள் என்னென்னவோ கேட்கிறார்களே!"

கேட்டிருந்தவை பிறப்புச் சான்று. இதுவரை மணமாகாதவன் என்ற சான்று. இந்தியாவில் விவாகச் சட்டம் இன்னது என்று கூறும் ஒரு பத்திரம். எல்லாவற்றுக்கும் சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வேண்டும். பிரான்ஸில் நகர மண்டபத்தில் நடப்பதுதான் விவாகம். மாதா கோயிலிலோ வேறெங்கோ சடங்கு நடத்த விரும்புவோர் அதற்குப் பிறகே நடத்தலாம். இன்னாரை இன்னார் மணக்கப் போகிறார் என்ற அறிவிப்பைப் பத்து நாள் முன்னதாக வெளியிட்டு, ஆட்சேபம் வருகிறதா என்று பார்ப்பதும் அங்கே சட்டம்.

பிள்ளையின் பிறப்புச் சான்றை எடுத்துப் பார்த்தோம். பிறந்த தேதி இருந்தது. தாய் தந்தையர் பெயர் இருந்தது. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாயிருந்தது. பெயர் சூட்டுமுன்பே பிறப்பைப் பதிவு செய்துவிட்டுப் பிறகு அந்தப் பக்கமே போகாத குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். விதிப்படி பெயரைச் சேர்க்கப் பதினைந்து ஆண்டு வரை இடமுண்டு. அதுவும் கடந்துவிட்டால் சர்க்கார் தனியே அவகாசம் அளிக்கும் காலத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சங்கடம் தேதியில் வந்தது. நகராட்சிச் சான்றில் நவம்பர். பாஸ்போர்ட்டில் ஜூன் முதல் தேதி. பாஸ்போர்ட்டுக்கு அந்தத் தேதியைக் கொடுத்தது பள்ளிச் சான்று. இங்கே நம் தொழிலைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பள்ளியில் சேர்க்க வந்த பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பவில்லையென்றால், அதை நிரப்பிவிடும் புண்ணியத்தை முன்னாளில் உபாத்தியாயர்களே கட்டிக் கொண்டார்கள். நம் பக்கத்தில் இத்தனை பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருப்பதற்குக் கிரகசாரம் காரணமன்று. உபகாரமென்று நினைத்துச் செய்த அந்த ஒரு வரியைத் திருத்துவதற்கு இந்தப் பிள்ளைக்கு ஏழு மாதம் பிடித்தது. பெண் வீட்டார் மணநாளை இருமுறை தள்ளி வைத்தார்கள்.

ஊர் விஷயத்திலும் ஒரு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. தென்காசி தனி ஜில்லாவானது 2019 நவம்பரில். பழைய சான்றில் புளியங்குடி திருநெல்வேலி ஜில்லாவில் இருக்கிறது; புதிய சான்றில் தென்காசி ஜில்லாவில் இருக்கிறது. ஊர் நகரவில்லை, ஜில்லாதான் நகர்ந்தது என்பது பிரான்ஸில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? நம் இனிஷியலையும் அவர்கள் விடுவதில்லை. அதை விரித்தெழுதினால் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது. வரப்போகும் மருமகளை ஊரார் மாமனார் பெயரால் அழைக்கும்படி ஆகிவிடுகிறது!

"ஊரே பார்க்கக் கட்டும் தாலிக்கு இத்தனை காகிதமா, சார்?" என்று தகப்பனார் சலித்துக் கொண்டார். "அண்ணாச்சி, இதே கேள்வியைக் கேட்டு நம் பெண்கள் சிறைக்கே போயிருக்கிறார்கள்" என்று சொல்லிப் பழைய சரித்திரத்தை எடுத்தோம்.

1913-ம் ஆண்டு மார்ச்சு 14-ம் தேதி, தென்னாப்பிரிக்காவில் கேப் மாகாண நீதிபதி ஸெர்ல் ஒரு தீர்ப்பளித்தார். இந்தியாவிலிருந்து கணவனுடன் வந்த பாய் மரியம் என்ற முஸ்லிம் பெண்மணியைக் கரையிறங்க விட மறுத்தது பற்றிய வழக்கு அது. பலதார மணத்துக்கு இடமளிக்கும் மதத்தின் முறைப்படி நடந்த விவாகம் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் விவாகமே அன்று என்றார் நீதிபதி. அந்த ஒரு வாக்கியத்தால் அங்கிருந்த ஹிந்து, முஸ்லிம், பார்ஸி மனைவியர் அனைவருடைய நிலையும் ஆட்டங்கண்டது. அக்கினி சாட்சியாக மணந்தவளும் நிக்காஹ் செய்து கொண்டவளும் சட்டப்படி மனைவி அல்லர். பிள்ளைகளுக்குத் தந்தையின் சொத்தில் உரிமை உண்டா என்பதும் சந்தேகம்.

மூன்று பவுன் தலைவரியோடு இந்த அவமானமும் சேர்ந்தே காந்தியடிகளின் போராட்டத்தில் பெண்களை இறக்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் கஸ்தூரிபாய் மூன்று மாதக் கடுங்காவல் ஏற்றார். டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து புறப்பட்ட பதினொரு பெண்களில் ஏறக்குறைய எல்லோரும் தமிழர். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. முதலில் அவர்களைக் கைது செய்யவே போலீஸார் மறுத்தார்கள். அவர்கள் நியூகாஸில் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று பேசினார்கள். சுரங்கங்களில் வேலை நின்றது. அதன் பிறகுதான் சிறைக் கதவு திறந்தது. சிறை சென்ற பெண்களில் பதினாறே வயதான வள்ளியம்மையும் ஒருத்தி. தாயாரின் ஊர் தில்லையாடி. அவள் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். காய்ச்சலோடு விடுதலையாகி, சில நாட்களில், 1914 பிப்ரவரி 22-ம் தேதி உயிர் நீத்தாள். அவளுக்குக் கலியாணமே ஆகவில்லை.

அவ்வாண்டே பிறந்த இந்தியர் நிவாரணச் சட்டம், ஒரு மனைவியோடு நடத்தும் இந்திய விவாகத்தை ஒப்புக் கொண்டது. நம் மதகுருமார்களை விவாக அதிகாரிகளாக நியமித்துப் பதிவு செய்யவும் வழி செய்தது. நாம் இன்று அலட்சியமாக ஒதுக்கும் காகிதம் அன்று அப்படிக் கிடைத்தது.

நம் பக்கத்துக்குச் சிங்கப்பூர்த் தொடர்பும் பழையது. கடையநல்லூரார் அங்கே தங்களுக்கென்று 1941-லேயே சங்கம் கண்டவர்கள். அங்கு இன்று வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தொழிலாளி, சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க அரசின் முன் அனுமதி பெற்றாக வேண்டும். வேலையை விட்டுத் திரும்பிய பிறகும் இந்த நிபந்தனை விடாது. தெரியாமல் இங்கே தாலி கட்டிவிட்டு, மனைவியோடு அங்கே வாழ வழியின்றித் தவிப்பதைவிட முதலிலேயே மனுச் செய்வது நல்லது.

இரு பக்கமும் நம்மவராயிருந்து இங்கேயே மணம் முடிந்தால் வேலை எளிது. 2009-ம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி எந்த மதத்தாரும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்துடன் மேலும் 60 நாள். கணவன் விமானமேறிப் போய்க் கடிதமே போடாத நிலையில் கோர்ட்டுக்குப் போகும் பெண்ணுக்கு அந்தச் சான்றே முதல் துணை. அந்நியரை இங்கே மணப்பவர்களுக்கு 1954-ம் ஆண்டின் விசேஷ விவாகச் சட்டம் உண்டு. வெளிநாட்டில் இருவரில் ஒருவராவது இந்தியக் குடியாயிருந்தால், 1969-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தியத் தூதரக விவாக அதிகாரி முன்னிலையிலேயே மணக்கலாம். இரண்டுக்கும் முப்பது நாள் அறிவிப்பும் மூன்று சாட்சிகளும் வேண்டும்.

சான்றைக் கடல் கடத்த 'அப்போஸ்டில்' என்ற முத்திரை ஒன்றிருக்கிறது. 1961-ம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தின்படி ஏற்பட்டது. இந்தியாவுக்கு 2005 ஜூலையிலிருந்து செல்லுபடி. மாநில சர்க்கார் சான்றொப்பமிட்டபின் வெளியுறவு அமைச்சகம் அதைப் பதிக்கும். ஆனால் இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபித்தது. ஒப்பந்தத்தில் சேராத நாடுகளோ தத்தம் தூதரக முத்திரையையே கேட்கும். ஆகவே எந்த நாட்டுக்கு எது வேண்டும் என்று விசாரித்த பிறகே பணம் கட்டுக. தரகர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள்.

பிரான்ஸ் பிள்ளையின் மணம் ஒருவாறு நகர மண்டபத்தில் நிறைவேறிற்று. பிறகு தம்பதியர் இங்கே வந்து மாலை மாற்றித் தாலியும் கட்டினார்கள். நகர மண்டபத்தில் கொடுத்த குடும்பப் புத்தகத்தை அவர்கள் எல்லோருக்கும் காட்டினார்கள். முதல் பக்கத்தில் இருவர் பெயரும். அப்பால் வெற்றுப் பக்கங்கள். அவை எதற்கென்று பாட்டி கேட்டாள். பிறக்கப் போகும் குழந்தைகளின் பெயரும் தேதியும் எழுதுவதற்கென்று மருமகள் சைகையால் விளக்கினாள்.

தகப்பனார் நம் பக்கம் திரும்பி, "அந்தத் தேதியை மட்டும் உங்களைக் கேட்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன், சார்" என்றார்.